படம் அங்கே, பெயர் இங்கே: ஆவணக் காட்சிகளும் திருநெல்வேலிச் சீமையின் புலம்பெயர் நினைவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரம், தென்காசி வட்டாரங்களிலும் சில ஆண்டுகளாக நாங்கள் பழைய ஆவணக் காட்சிகளையும் அவற்றைக் கொண்டு உருவான திரைப்படங்களையும் சிறு கூட்டங்களில் திரையிட்டு வருகிறோம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றுக்கான விடைகளை ஒருசேர இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு. சிலோனிலிருந்து திரும்பிய குடும்பத்தினர் உண்டு. தாத்தாவின் சிங்கப்பூர்ப் பெட்டிக்குள் ஒரு படச்சுருளைக் கண்டெடுத்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் துணியில் சுற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

ஆவணக் காட்சியும் ஆவணப்படமும் ஒன்றா?

ஒன்றல்ல. ஆவணப்படம் என்பது ஒருவர் ஒரு பொருளைக் குறித்துத் திட்டமிட்டு எடுத்து, தொகுத்து, முடித்துத் தந்த படைப்பு. ஆவணக் காட்சி என்பது வேறொரு காலத்தில், வேறொருவர், வேறொரு நோக்கத்துக்காக எடுத்து வைத்தது. செய்திப்படம், அரசு விளம்பரம், கம்பெனிக்காக எடுத்த படம், பாதிரிமார் தம் சபைக்குக் காட்ட எடுத்த படம், வீட்டுக் கல்யாணப் படம் என எதுவாகவும் அது இருக்கலாம். பின்னால் வரும் ஓர் இயக்குநர் அதைத் தம் படத்துக்குள் கொண்டுவந்து வைக்கும்போது, எடுத்தவர் நினைத்தே பார்க்காத ஒரு பொருள் அதற்குள் வந்து சேர்கிறது. கப்பல் கம்பெனி தன் பெருமைக்காக எடுத்த துறைமுகக் காட்சியில், கம்பெனிக்கு வேண்டியிருந்தது கப்பல். இன்று அதைப் பார்க்கும் பேத்திக்கு வேண்டியிருப்பதோ ஏணிப்படியில் மூட்டையுடன் ஏறுகிற கூட்டத்தில் ஒரு முகம். எடுத்தவரின் நோக்கத்துக்கும் பார்ப்பவரின் தேவைக்கும் இடையே விழும் இந்த இடைவெளியில்தான் நாம் பேசப்போகும் திரைப்படங்கள் அனைத்தும் பிறக்கின்றன.

திருநெல்வேலிச் சீமைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இந்தச் சீமையில் கடல் தாண்டிய ஒருவராவது இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் விரட்டப்பட்டவர்கள் இங்கிருந்து, தோட்டங்களுக்கு ஆள் பிடித்து வேலை வாங்கிய கங்காணிகளின் பின்னால் போனார்கள். 1869 முதல் காப்பிச் செடியை இலைத்துரு நோய் தாக்கி அழித்த பிறகு, அந்த மலைகளில் தேயிலை வந்தது. ஆட்களின் தேவை இன்னும் பெருகியது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம், போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களையும் கிளப்பிவிட்டது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணியும் நீராவிக் கப்பலும் போயின. போகிறவர்களை நிறுத்திவைத்துச் சோதிக்கத் தட்டப்பாறையில் முகாம் இருந்தது. பிறகு மண்டபம் முகாம் அந்த இடத்தைப் பிடித்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே படகுப் போக்குவரத்து தொடங்கி இருபுறத்து ரயில்பாதைகளும் இணைந்ததும், ரயிலும் படகுமாகப் போகும் அந்த வழிக்கான 'போட் மெயில்' என்ற சொல் நம் வீடுகளில் புழங்கத் தொடங்கியது.

தோட்டங்களில் கிறிஸ்தவ வேதம் போதிக்க 1850களிலேயே இங்கிருந்து உபதேசியார்கள் போயிருக்கிறார்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பகுதியில் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடியேறினார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தொடங்கப்பட்டது. கடையநல்லூரின் பெயரில் அங்கே ஒரு தெருவே இருக்கிறது. கொழும்பில் கடை வைத்த நாடார்களும், ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனவர்களும் தனிக்கதை.

போன கதைக்கு இணையாகத் திரும்பிய கதையும் நமக்கு உண்டு. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் செய்த மற்றோர் ஒப்பந்தம் பாதிக்குப் பாதியாகப் பிரித்தது. அரசாங்கம் இவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றது. ஊரார் 'சிலோன்காரர்கள்' என்றார்கள். இவர்களில் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். ஆகவே திரும்புதல் என்ற சொல்லே அவர்களுக்குப் பொருந்தாது. பிறந்த மண்ணை விட்டு, பாட்டன் பெயரளவில் சொன்ன மண்ணுக்கு அவர்கள் வந்தார்கள்.

நம்மவர்களைக் காட்டும் பழைய காட்சி உண்மையிலேயே எங்காவது இருக்கிறதா?

இருக்கிறது. அவற்றில் பெயர்பெற்றது, பேசில் ரைட் இயக்கி 1934இல் வெளிவந்த 'ஸாங் ஆஃப் சிலோன்'. ஏறத்தாழ 40 நிமிடம் ஓடும் இந்தப் படத்துக்குப் பணம் தந்தது இலங்கைத் தேயிலையை விளம்பரப்படுத்துவதற்கென்று இருந்த வாரியம். தயாரித்தவர் ஜான் கிரியர்சன். பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்கத்தின் சாதனை என்று உலகத் திரைப்பட வரலாறுகள் இதைப் போற்றுகின்றன. அந்தப் புகழ் தகாதது என்று நான் சொல்லமாட்டேன். ஒளியும் ஒலியும் அதில் பின்னப்பட்டிருக்கும் விதம் இன்றும் வியக்கவைக்கிறது. ஆனால் தேயிலைக்காக எடுத்த அந்தப் படத்தில், தேயிலையைப் பறிக்கும் தமிழர் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. படத்தின் நான்கு பகுதிகளுள் 'வணிகத்தின் குரல்கள்' என்று பொருள்படும் மூன்றாம் பகுதியில் தேயிலை விலையும் கப்பல் நேரமும் வணிகக் கடிதங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கின்றன. பேசுவது வணிகம் மட்டும்தான், கைகள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. வருணனைக்கு எடுத்துக்கொண்டதோ பதினேழாம் நூற்றாண்டில் கண்டியரசில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலின் வாசகங்கள். கொழும்பைச் சேர்ந்த இசைக்கலைஞரும் நிழற்படக்காரருமான லயனல் வெண்ட் அவற்றைப் படிக்கிறார். தோட்டங்கள் தோன்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய சொற்களைக் கொண்டு 1934ஆம் ஆண்டின் இலங்கையைப் பார்க்கச் சொன்னால், தோட்டத் தொழிலாளி அந்தப் பார்வைக்குள் எப்படி வருவார்? பழமையான பௌத்தத் தீவு என்ற அழகிய சித்திரத்தில் அவருக்கு இடமில்லை.

ஒரு செய்தியை இங்கே சேர்த்தே சொல்லவேண்டும். காட்சிகள் இலங்கையில் ஒலியில்லாமல் எடுக்கப்பட்டு, லண்டனில் ஒலி சேர்க்கப்பட்டது. ஆகவே அந்தப் பெண்கள் கூடையும் கையுமாக நின்றபோது என்ன பேசிக்கொண்டார்கள், என்ன பாடினார்கள் என்பதை அந்தப் படச்சுருளுக்குள் எவ்வளவு தேடினாலும் எடுக்கமுடியாது. அது தொலைந்துபோன ஒலி அல்ல. பதிவே செய்யப்படாத ஒலி.

விளம்பரத்துக்கு எடுத்த காட்சியை நினைவுக்குச் சான்றாக எப்படி ஏற்பது?

எடுத்தவர் சொல்ல விரும்பியதைச் சான்றாக ஏற்கவேண்டியதில்லை. அவர் அறியாமல் படத்துக்குள் வந்து விழுந்ததைச் சான்றாக ஏற்கலாம். இதை எனக்குப் புத்தகங்கள் சொல்லித்தரவில்லை, எங்கள் பெரிய ஆச்சிதான் சொல்லித்தந்தார்.

1970களில் இராமேசுவரம் வழியாக வந்திறங்கியவர் அவர். வீட்டில் ஒருநாள், தலைப்போ ஆண்டோ குறிக்கப்படாத ஒரு தோட்டக் காட்சித் துணுக்கை அவருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம்கூட இராது. வரிசையாக நின்று பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். ஒருத்தி கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஆச்சி மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாம் முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கொழுந்து எடுக்குற கை இல்லய்யா. படம் புடிக்குறவனுக்குக் காட்டுற கை." கொஞ்ச நேரம் கழித்து, "ஒருத்தி இடுப்புலயும் படங்கு இல்ல பாரு. படங்கு கட்டாம மலைக்குப் போனா சேலை கிழிஞ்சிரும்லா. பெரட்டுலயே சொல்லி, நல்ல சேலை கட்டி வரச் சொல்லியிருக்கான்" என்றார்.

படங்கு என்பது தேயிலைச் செடியின் முறிகுச்சிகள் கிழிக்காமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் முரட்டுச் சாக்குத் துணி. பெரட்டு என்பது விடியலில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம். இந்த இரண்டு சொல்லும் தெரியாத ஆய்வாளர் அந்தத் துணுக்கில் மகிழ்ச்சியான தொழிலாளர்களைப் பார்த்திருப்பார். சற்றுக் கண்டிப்பான ஆய்வாளராக இருந்தால் காலனியப் பொய்யைப் பார்த்திருப்பார். ஆச்சியோ, உத்தரவின் பேரில் நல்ல சேலை கட்டி, வழக்கத்தைவிட மெதுவாகக் கையை அசைத்த உண்மையான பெண்களைப் பார்த்தார். அந்தக் காட்சி பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. ஒருநாள் காலையில் ஒரு மலையில் நடந்த ஒரு நிகழ்ச்சி. அதைப் படிக்கும் எழுத்து ஆச்சியிடம் இருந்தது.

இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான். படத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது லண்டன் போன்ற நகரங்களின் காப்பகங்கள். அதில் இருப்பவற்றின் பெயரைக் காப்பாற்றி வைத்திருப்பது நம் ஊர்த் திண்ணைகள். இரண்டையும் ஒரே அறையில் உட்காரவைக்காமல் எடுக்கப்படும் எந்தப் படமும் பாதிப் படமே.

பின்காலனியத் திரைப்படம் என்றால் வெள்ளைக்காரன் போன பிறகு எடுத்த படங்கள் எல்லாமா?

காலத்தைக் கொண்டு மட்டும் அப்படி அழைப்பதில்லை. ஆண்டவர்கள் விட்டுச்சென்ற பார்வையை, மொழியை, ஆவணங்களை எதிர்கொண்டு கேள்வி கேட்கும் படங்களுக்கே அந்தப் பெயர் பொருந்தும். அரசியல் விடுதலை ஒரே நள்ளிரவில் வந்திருக்கலாம். பார்வையின் விடுதலைக்கு ஒவ்வொரு காட்சியாகப் பாடுபட வேண்டியிருக்கிறது.

எங்கள் கூட்டங்களில் இரண்டு படங்களை அடிக்கடி எடுத்துக்காட்டுவோம். ஒன்று, கானாவில் பிறந்து பிரிட்டனில் வளர்ந்த ஜான் அகோம்ஃப்ரா, 'பிளாக் ஆடியோ ஃபிலிம் கலெக்டிவ்' குழுவினருடன் 1986இல் எடுத்த 'ஹேண்ட்ஸ்வொர்த் ஸாங்ஸ்'. 1985இல் பர்மிங்காமிலும் லண்டனிலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் வெடித்த கலவரங்களைப் பற்றியது அது. தொலைக்காட்சிகள் கலவரத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் படம் கரீபியத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்திறங்கியவர்களின் பழைய செய்திப்படக் காட்சிகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தது. தொப்பியும் கோட்டும் அணிந்து நம்பிக்கையோடு இறங்குகிறவர்களின் முகம் ஒருபுறம். அவர்களுடைய பிள்ளைகளைக் காவலர்கள் துரத்தும் தெரு மறுபுறம். வருணனையாளர் வாய்திறந்து விளக்கவேண்டிய தேவையே அங்கே எழவில்லை.

மற்றொன்று, வின்சென்ட் மோனிகெண்டாம் 1995இல் தொகுத்த 'மதர் டாவ்'. 1912 முதல் 1930களின் தொடக்கம் வரை டச்சுக்காரர்கள் இன்றைய இந்தோனேசியாவில் எடுத்த காட்சிகளைக் கொண்டே முழுப் படமும் அமைந்திருக்கிறது. தோட்டங்கள், ஆலைகள், ஆஸ்பத்திரிகள், மிஷன் பள்ளிக்கூடங்கள் எல்லாம் டச்சு ஆட்சியின் பெருமைக்காக எடுக்கப்பட்டவை. இயக்குநர் விளக்கவுரை எதையும் சேர்க்கவில்லை. அந்நாட்டுக் கவிதைகளையும் பாடல்களையும் சூழல் ஒலிகளையும் மட்டும் சேர்த்தார். சுமை தூக்கும் கூலியின் முகம் திரையில் இருக்கும் நேரத்தில் அவர் மொழியிலேயே ஒரு பாட்டு கேட்கும்போது, எடுத்தவனின் பெருமை தானாகக் கழன்று விழுகிறது. முன்பு சொன்ன இலங்கைப் படத்தையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒலியை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதிலேயே பாதி அரசியல் அடங்கியிருப்பது விளங்கும்.

தமிழில் இப்படி யாராவது செய்திருக்கிறார்களா?

உலகமே வியக்கத்தக்க அளவில் ஒருவர் செய்திருக்கிறார். அவரை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்தவரும் ரங்கூனில் பத்திரிகையாசிரியராக இருந்தவருமான ஏ.கே. செட்டியார், 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் இருந்தபோது காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க முடிவுசெய்தார். அதற்கென ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்து, பல நாடுகளில் பலர் எடுத்து வைத்திருந்த காட்சிகளைத் தேடி 50,000 அடி படச்சுருள் சேர்த்தார். தென்னாப்பிரிக்காவுக்கும் போனார். அதிலிருந்து தொகுத்த 12,000 அடிப் படம் 1940இல் தமிழில் வெளிவந்தது. இன்றைக்கு ஆவணக் காட்சித் தொகுப்புப் படம் என்று பெயர்சூட்டிப் பாடம் நடத்தும் முறையை, முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு தமிழர், போர் மேகம் சூழ்ந்த காலத்தில், கப்பலிலும் ரயிலிலும் அலைந்து செய்துமுடித்தார்.

அந்தத் தமிழ்ப் படம் இன்று நம்மிடம் இல்லை. அதிலிருந்து பிற்காலத்தில் ஆங்கிலத்தில் சுருக்கி எடுத்த வடிவம் ஒன்றுதான் அமெரிக்காவில் கிடைத்தது. படம் கிடைத்தது, தமிழ்க் குரல் கிடைக்கவில்லை. இங்கேயும் அதே கதைதான்.

பர்மா நடைப்பயணம், சயாம் ரயில்பாதை போன்றவற்றில் நம்மவர்கள் ஏன் காணப்படுவதில்லை? காட்சியே இல்லாதபோது இயக்குநர் என்ன செய்வார்?

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது அங்கிருந்த நம்மவர்கள் கால்நடையாக இந்தியாவுக்கு வந்ததைத்தான் பர்மா நடைப்பயணம் என்கிறார்கள். கேமரா எங்கே திரும்பியிருந்தது என்பதைப் பொறுத்தது அது. ஜப்பானியப் படை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த, இன்றைய தாய்லாந்தான சயாமையும் பர்மாவையும் இணைத்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில்பாதையில், மேற்கத்தியப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் வேலை செய்தார்கள். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை அதைவிட மிகப் பெரியது. உலகின் நினைவில் நிற்பவர்களோ போர்க்கைதிகள். 1957இல் வெளிவந்து பல விருதுகள் பெற்ற 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற ஹாலிவுட் படம் அந்த நினைவை இன்னும் அழுத்திப் பதித்தது. அந்தப் படத்தை எடுத்த இடம் இலங்கையின் கித்துல்கல. தமிழர் உழைத்த தேயிலை மலைகளுக்கு அடிவாரத்தில் நின்றுகொண்டு, தமிழர் மடிந்த ரயில்பாதையின் கதையைத் தமிழர் இல்லாமல் எடுத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

காட்சி இல்லாத இடத்தில் இயக்குநர்கள் பல வழிகளில் போகிறார்கள். சிலர் நடிகர்களைக் கொண்டு நடித்துக் காட்டுகிறார்கள்; சிலர் இன்றைய வெற்று நிலத்தைக் காட்டி, பிழைத்தவரின் குரலைப் பின்னணியில் ஓடவிடுகிறார்கள். இரண்டாவது வழியையே நான் நம்புகிறேன். காடு மண்டிய தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு முதியவர் பேசுவதைக் கேட்கும்போது, படம் எடுக்கப்படவில்லை என்ற உண்மையும் நமக்குத் தெரியவருகிறது. நடித்துக் காட்டினால் அந்த உண்மை மறைந்துபோகும். வேறொரு கலவரத்தின் காட்சியையோ வேறொரு நாட்டுக் கூலிகளின் காட்சியையோ எடுத்து, இதுதான் அது என்பதுபோல் ஒட்டுவது மட்டும் கூடவே கூடாது. நம் தமிழ் யூடியூப் காணொளிகள் பலவற்றில் இது நடக்கிறது. தேயிலை மலைக்குக் கரும்புத் தோட்டத்தைக் காட்டுவது, இறந்துபோன இரண்டு கூட்டத்தாருக்கும் ஒருசேரச் செய்யும் அவமரியாதை.

எழுத்தும் பாட்டும் இங்கே துணைக்கு வரும். லண்டன்காரர்கள் இலங்கையைப் படமெடுத்த அதே 1930களில், புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி' கதையில் வாசவன்பட்டியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியை எழுதினார். கேமரா பார்க்க மறுத்ததை நம் ஊர்ப் பேனா ஒன்று பார்த்திருக்கிறது. ஊரையும் ஒற்றைப் பனையையும் பிரிந்துவந்த துயரத்தைச் சொல்லும் மலையகப் பாட்டுகளைக் கேட்டால், கண்டிச் சீமையில் பனை ஏது, அது எந்த மண்ணின் பனை என்று இந்தச் சீமைக்காரருக்கு விளக்கவேண்டியதில்லை.

பழைய காட்சிக்கு நிறமேற்றலாமா? வேகத்தைச் சரிசெய்யலாமா? இசை சேர்க்கலாமா?

வேகத்தைச் சரிசெய்வது தவறல்ல, பல நேரங்களில் அவசியம். பேசாப்படக் காலத்தில் நொடிக்கு 16 முதல் 20 படம் வரை கையால் சுழற்றி எடுத்தவற்றை 24 படம் வீதம் ஓட்டினால் மனிதர்கள் பொம்மைகள்போல் துள்ளுவார்கள். நம் முன்னோர் துள்ளி நடந்தவர்கள் அல்லர்.

நிறமேற்றுவதை நான் ஏற்பதில்லை. கணினி தரும் நிறம் ஊகம். அந்தச் சேலை கண்டாங்கியா, வெள்ளையா, மஞ்சள் தோய்த்ததா என்பது கணினிக்குத் தெரியாது. ஆச்சிகள் சேலையை வைத்தே ஆளையும் நாளையும் கணிப்பவர்கள். தவறான நிறம் அவர்கள் நினைவையே குழப்பிவிடும். இசை சேர்ப்பதில் ஒரே ஒரு வேண்டுகோள்: சோக வயலினைத் தவிர்த்துவிடுங்கள். அழவேண்டிய இடத்தை இசை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பார்ப்பவர் காட்சியைத் தேடிப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்.

வீட்டில் இருக்கும் எட்டு மில்லிமீட்டர் சுருளும் வீடியோ கேசட்டும் ஆவணமாகுமா?

நிச்சயமாக ஆகும். என் கருத்தில், அரசுச் செய்திப்படங்களைவிட அவை பெரிய ஆவணங்கள். செய்திப்படத்தில் நம்மவர் கூட்டமாக இருப்பார். வீட்டுப் படத்தில் பெயரோடு இருப்பார். சிங்கப்பூரிலிருந்து கடையநல்லூர் வந்த மாமா பிடித்த பெருநாள் காட்சி, சவூதியில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்புவதற்காகத் தங்கையின் கல்யாணத்தை முழுநீளமாக எடுத்த கேசட், அதில் கேமராவைப் பார்த்து "நல்லா இருக்கியாய்யா" என்று கேட்டுவிட்டுத் தலைமுந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளும் அம்மா, இவையெல்லாம் போனவருக்கும் இருந்தவருக்கும் நடுவே ஓடிய உறவின் பதிவுகள். நம் இயக்குநர்கள் இவற்றைத் தொட்டதே குறைவு.

கையாளும் முறை குறித்துச் சில சொற்கள். சுருளிலிருந்து காடி போன்ற புளித்த வாடை வந்தால் அந்த அசிட்டேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றச் சுருள்களிலிருந்து பிரித்து வைத்து, தாமதிக்காமல் மின்வடிவமாக்க வேண்டும். பழைய புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். சுருங்கிய பிலிமின் ஓரத் துளைகள் கிழிந்துவிடும். கேசட்டுகளைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் இருப்பதைவிட, கீழ்த்தள இரும்பு பீரோவில் இருப்பது மேல். மின்வடிவமாக்கிய பின்னும் மூலச் சுருளை எறியாதீர்கள்.

நம் நாட்டில் ஏன் இவ்வளவு குறைவாக மிஞ்சியிருக்கிறது?

1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. பல படச்சுருள்கள் அவற்றில் படிந்திருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டன. புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் தொடங்கியது. அதற்குள் தமிழின் முதல் பேசாப்படமான 'கீசகவதம்' உட்படப் பெரும்பாலானவை போய்விட்டன. 2003இல் புணேயில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிடங்கில் தீப்பிடித்து மேலும் பல அழிந்தன. நாகர்கோவில்காரர் ஒருவர் தயாரித்து 1933இல் வெளிவந்த 'மார்த்தாண்ட வர்மா' பேசாப்படம் இன்றும் இருப்பதற்குக் காரணம் காப்புரிமை வழக்கில் அது முடக்கப்பட்டு முடங்கிய இடத்திலேயே கிடந்ததுதான்.

இந்தக் காட்சிகளை எங்கே பார்க்கலாம்? நம் படத்தில் பயன்படுத்தலாமா?

பிரிட்டிஷ் திரைப்படக் கழகமும் இம்பீரியல் வார் மியூசியமும் வைத்திருக்கும் காலனியக் காலப் படங்கள் உட்பட 6,000க்கும் மேற்பட்ட படங்களின் விவரப்பட்டியல், 2010இல் 'கலோனியல் ஃபிலிம்' என்ற திட்டத்தின் வழியே இணையத்தில் வந்தது. அவற்றில் 150க்கும் மேற்பட்டவற்றைப் பார்க்கவும் முடிந்தது. பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் 2014இல் தன் செய்திப்படங்கள் 85,000ஐ யூடியூபில் ஏற்றியது. தேடும்போது தமிழர் என்று தேடினால் அதிகம் கிடைக்காது. விவரம் எழுதியவர்கள் 'கூலி', 'நேட்டிவ்' என்றுதான் எழுதியிருப்பார்கள். சரக்கின் பெயரைக் கொண்டு, துறைமுகத்தின் பெயரைக் கொண்டு, கப்பலின் பெயரைக் கொண்டு தேடுங்கள். நம்மைச் சரக்கோடு சரக்காக வைத்திருந்த பட்டியலில் அப்படித்தான் நம்மைக் கண்டுபிடிக்க முடிகிறது.

பார்ப்பதற்குக் காசு கட்டவேண்டியதில்லை, படத்தில் பயன்படுத்துவதற்கு உரிமத் தொகை கட்டவேண்டும், அதுவும் நிமிடக் கணக்கில் அல்லது நொடிக் கணக்கில். இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் காப்புரிமை வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பிற நாடுகளில் விதி வேறு. சட்டத்துக்கு அப்பாலும் ஒரு நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். எவருடைய உழைப்பையும் முகத்தையும் அவரைக் கேட்காமல் எடுத்தார்களோ, அவருடைய பேரப்பிள்ளைகள் அந்தக் காட்சியைக் காசு கொடுத்து வாங்கவேண்டியிருப்பது சரியல்ல. காப்பகங்கள் இத்தகைய குடும்பங்களுக்கும் ஊர்களுக்கும் விலையின்றித் தரவேண்டும் என்று கேட்பது நம் கடமை.

அண்மைக்காலக் காட்சிகளும் இதில் சேருமா?

சேரும். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட மாஞ்சோலை மலையில் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்களும் ஊரை விட்டுப் போனவர்களே. கடல் தாண்டவில்லை என்பது ஒன்றே வேறுபாடு. அவர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். அன்றைய காட்சிகள் பதிவாகியிருந்ததால்தான் அந்த ஆற்றங்கரையில் நடந்ததைப் பற்றி இன்றும் பேசமுடிகிறது. மலையை விட்டு இறங்கும் குடும்பங்கள் தங்கள் வீட்டையும் கோயிலையும் கைப்பேசியில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள், தேதியும் இடமும் பெயரும் எழுதி வையுங்கள் என்று பார்க்கும் இடமெல்லாம் சொல்லிவருகிறோம்.

எங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் இருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பேட்டியிலிருந்து தொடங்காதீர்கள். "சிலோனைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், பலமுறை சொல்லி வழுவழுப்பாகிவிட்ட நான்கு வாக்கியங்கள் கிடைக்கும். ஒரு காட்சியைப் போட்டுவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். ஒலியைக் குறைத்துவிடுங்கள், ஆங்கில வருணனை அவர்களை வாயடைக்கச் செய்யும். பெரிய திரை வேண்டியதில்லை, டி.வி. போதும். காட்சி அவர் இருந்த தோட்டமாக இருக்கவேண்டியதும் இல்லை. "எங்க மலை இப்படி இருக்காது" என்று மறுக்கத் தொடங்கும்போதுதான் அவருடைய மலை எப்படி இருந்தது என்பது வெளியே வரும். கூடை எப்படித் தொங்கியது, தப்படித்து எத்தனை மணிக்கு எழுப்பினார்கள், அட்டைக்கடிக்கு என்ன தேய்த்தார்கள் என்று கையும் உடம்பும் நினைவில் வைத்திருப்பவற்றை அவரே சொல்லட்டும். சாதியும் அடியும் கடனும் பேச்சில் வந்தால் பதறிப்போய்ப் பேச்சை மாற்றாதீர்கள். அழுதால் நிறுத்திவிட்டு, தொடர்வதா வேண்டாமா என்பதை அவரிடமே விடுங்கள். எந்தக் காட்சி ஓடியபோது என்ன சொன்னார் என்பது பின்னால் தெரியவேண்டுமென்பதால், திரையும் அவர் முகமும் சேர்ந்து விழும்படி கைப்பேசியை ஓரிடத்தில் நிறுத்தி வையுங்கள். பதிவைப் பிறருக்குக் காட்டலாமா என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் அதிலேயே பதிந்துகொள்ளுங்கள்.

காட்சி முடிந்ததும் பதிவை நிறுத்திவிடாதீர்கள். எங்கள் பெரிய ஆச்சி, லயம் எனப்படும் தம் தோட்டக் குடியிருப்பில் வரிசையாக இருந்த காம்பராக்களில், அதாவது ஒற்றை அறை வீடுகளில், குடியிருந்த ஒவ்வொரு வீட்டுக்காரரின் பெயரையும், அவர்கள் இந்தச் சீமையில் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்பதையும் சொன்னது, நாங்கள் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோதுதான்.